வேலை எங்கே முடிகிறது? – ஃப்ரீலான்ஸ் பணி குறித்த வாசகர் கேள்வி பதில்

ஃப்ரீலான்ஸ் வேலை கொடுப்பவர்களும் எடுப்பவர்களும் அனுப்பிய கடிதங்களிலிருந்து ஆறு கேள்விகளை இம்முறை எடுத்துக்கொண்டிருக்கிறேன். பதில் சொல்லும் நான் இருபது ஆண்டுகளுக்கு மேலாக மொழிபெயர்ப்பும் மெய்ப்புத் திருத்தமும் செய்து வருகிறேன். சில ஆண்டுகளாகப் பிறருக்கு வேலையைப் பிரித்துக் கொடுத்தும் வருகிறேன். இரண்டு தரப்பிலும் வசவு வாங்கிய அனுபவம் உண்டு.

கேள்வி: கரூரில் வீட்டு உபயோகத் துணிகள் ஏற்றுமதி செய்கிறோம். தனியாகத் தொழில் செய்யும் ஒரு வடிவமைப்பாளரிடம் 48 பக்கக் கேட்லாக் செய்யச் சொல்லி, பேசிய தொகை முழுவதையும் கொடுத்துவிட்டேன். பிடிஎஃப் வந்துவிட்டது. இப்போது நான்கு பக்கங்களை மாற்ற வேண்டியிருக்கிறது. பக்கங்களைத் திருத்தக்கூடிய மூலக் கோப்பான இன்டிசைன் கோப்பைக் கேட்டால் அதற்குத் தனித்தொகை என்கிறார். பணம் கொடுத்து வாங்கியது எனக்குச் சொந்தமில்லையா?
– ஏற்றுமதியாளர், கரூர்

பதில்: முன்கூட்டியே பேசாத நிலையில், பிடிஎஃப் உங்களுடையது, இன்டிசைன் கோப்பு அவருடையது. உங்கள் தொழிலிலேயே இதற்கு ஓர் ஒப்புமை இருக்கிறது. மேசை விரிப்புக்குப் பணம் அனுப்பிய வெளிநாட்டு வாடிக்கையாளர், அதை நெய்யப் பயன்பட்ட, வேலைப்பாட்டைத் தீர்மானிக்கும் ஜக்கார்டு அட்டைகளையும் சேர்த்து அனுப்பும்படி கேட்டால் நீங்கள் உடனே எடுத்துக் கட்டி அனுப்பிவிட மாட்டீர்கள் அல்லவா?

கோப்பு யாரிடம் இருக்க வேண்டும் என்பது ஒரு கேள்வி, பதிப்புரிமை யாருடையது என்பது வேறு கேள்வி. இரண்டாவதற்கு 1957-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டத்தில் விடை இருக்கிறது. சம்பளத்துக்குப் பணிபுரியும் ஊழியர் தம் வேலையின் பகுதியாக உருவாக்கும் படைப்புக்கு, வேறு உடன்பாடு இல்லாவிட்டால், முதலாளியே முதல் உரிமையாளர். ஃப்ரீலான்ஸர் உங்கள் ஊழியர் அல்லர் என்பதால், அவர் செய்த வடிவமைப்புக்கும் எழுதிய விளம்பர வாசகத்துக்கும் நிரலுக்கும் பொதுவாக அவரே முதல் உரிமையாளர் ஆகிறார். அந்த உரிமை உங்களிடம் வர வேண்டுமானால் அவர் கையொப்பமிட்ட எழுத்துவடிவ ஆவணம் வேண்டும் என்கிறது 19-ஆம் பிரிவு. அந்த ஆவணத்திலும் காலத்தைக் குறிப்பிடாமல் விட்டால் 5 ஆண்டுகள் என்றும், நிலப்பரப்பைக் குறிப்பிடாமல் விட்டால் இந்தியாவுக்குள் மட்டும் என்றும் சட்டம் எடுத்துக்கொள்ளும். ஜனவரி மாதம் பிராங்க்ஃபர்ட்டில் நடக்கும் ஹைம்டெக்ஸ்டில் கண்காட்சிக்குக் கேட்லாக்கை எடுத்துச் செல்லும் உங்களைப் போன்றவர்கள் இந்த இரண்டாவது விதியைக் கவனிக்க வேண்டும். கேட்லாக்கைக் கேட்லாக்காகப் பயன்படுத்தும் அனுமதி நீங்கள் கொடுத்த விலைக்குள் அடங்கியதுதான். ஆனால் அதே பூ வேலைப்பாட்டை எடுத்துத் தலையணை உறையில் அச்சிட நினைத்தால் அவரைக் கேட்டாக வேண்டும்.

இதற்கு ஒரு விதிவிலக்கும் இருக்கிறது. கூலி கொடுத்து எடுக்கச் சொன்ன புகைப்படத்துக்கும், வரையச் சொன்ன ஓவியத்துக்கும், மாற்று உடன்பாடு இல்லாத நிலையில், எடுக்கச் சொன்னவரே முதல் உரிமையாளர். ஆகவே துணிகளைப் படமெடுக்கத் தனியாகப் புகைப்படக்காரரை அமர்த்தியிருந்தால் அந்தப் படங்களின் உரிமை உங்களுடையது.

இப்போதைக்கு, நான்கு பக்கங்களை அவரையே மாற்றித் தரச் சொன்னால் என்ன தொகை, கோப்பை முழுவதுமாகக் கொடுத்தால் என்ன தொகை என்று இரண்டையும் கேளுங்கள். கோப்பை வாங்குவதானால் படங்களும் இணைப்புகளும் சேர்ந்த முழுத் தொகுப்பாக வாங்குங்கள். எழுத்துருக்களுக்கு நீங்கள் தனியாக உரிமம் வாங்க வேண்டியிருக்கலாம். அடுத்த முறை கொட்டேஷன் கேட்கும்போதே "மூலக் கோப்பு உட்பட" என்ற மூன்று சொற்களைச் சேர்த்து விலை கேளுங்கள். இணையதள வேலையானால் இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். டொமைன் பெயரை, அதாவது உங்கள் இணையதள முகவரியை, எக்காரணம் கொண்டும் வடிவமைப்பாளரின் கணக்கில் பதிய விடாதீர்கள். உங்கள் மின்னஞ்சலில், உங்கள் கார்டில் பதிந்துவிட்டு அவருக்கு அணுகல் மட்டும் கொடுங்கள். ஐந்து ஆண்டுகள் கழித்து அவர் எண்ணை மாற்றிக்கொண்டு வேறு ஊருக்குப் போயிருப்பார், உங்கள் கடையின் பெயர்ப்பலகை அவரிடம் இருக்கும்.

கேள்வி: ஒரு விளம்பர நிறுவனத்துக்கு மருத்துவக் கருவிகளின் பயனர் கையேடுகளைத் தமிழில் மொழிபெயர்த்துக் கொடுத்தேன். 86,000 ரூபாய் வர வேண்டும். நான்கு மாதங்கள் ஆகிவிட்டன. "எங்கள் கிளையன்ட் இன்னும் எங்களுக்கே பணம் தரவில்லை" என்கிறார்கள். ஒப்பந்தம் எதுவும் எழுதவில்லை, எல்லாம் வாட்ஸ்அப் பேச்சுதான். நான் ஏமாந்துவிட்டேனா?
– மொழிபெயர்ப்பாளர், மதுரை

பதில்: ஏமாந்ததாக இப்போதே முடிவு கட்ட வேண்டாம். வேலை செய்யச் சொன்னது, விலை பேசியது, கோப்பு போய்ச் சேர்ந்தது ஆகிய மூன்றும் வாட்ஸ்அப்பில் இருந்தால் ஒப்பந்தம் இருக்கிறது. முத்திரைத்தாளில் எழுதினால்தான் ஒப்பந்தம் என்பது நம்மிடையே ஊறிப்போன எண்ணம், சட்டம் அப்படிச் சொல்லவில்லை. அந்த உரையாடலை இன்றே ஏற்றுமதி செய்து உங்கள் மின்னஞ்சலுக்கு அனுப்பி வையுங்கள். ஃபோன் கெட்டுப்போன கையோடு சாட்சியமும் போனவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

அவர்களுடைய கிளையன்ட் பணம் தராதது அவர்களுக்கும் அந்தக் கிளையன்டுக்கும் இடையிலான விஷயம். "எங்களுக்கு வந்த பிறகே உங்களுக்கு" என்று முதலிலேயே சொல்லி நீங்கள் ஒப்புக்கொண்டிருந்தாலொழிய, அந்தக் காரணம் உங்களைக் கட்டுப்படுத்தாது.

உங்களுக்கு உதவக்கூடிய வலுவான சட்டம் 2006-ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் நிறுவன வளர்ச்சிச் சட்டம். தொழிற்சாலை வைத்திருப்பவர்களுக்கானது என்று பலரும் இதை ஒதுக்கிவிடுகிறார்கள். சேவை வழங்கும் தனிநபரும் உத்யம் என்னும் அரசுப் பதிவுத் தளத்தில் குறுந்தொழிலாகப் பதிவு செய்துகொள்ளலாம். ஆதாரும் பான் எண்ணும் போதும், கட்டணம் கிடையாது. கட்டணம் கேட்கும் இணையதளம் அரசுத் தளம் அல்ல என்று தெரிந்துகொள்ளுங்கள். பதிவு பெற்றவரிடம் சேவை வாங்கியவர், எழுத்தில் பேசிக்கொண்ட தேதிக்குள் பணம் தர வேண்டும். அந்தத் தேதி எவ்வளவு தள்ளிப்போனாலும் வேலையை ஏற்றுக்கொண்ட நாளிலிருந்து 45 நாட்களைத் தாண்டக்கூடாது. தேதி எதுவும் பேசவில்லையென்றால் கெடு 15 நாட்கள்தான். தவறினால், ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி வீதத்தைப்போல் மூன்று மடங்கு வட்டி, அதுவும் மாதந்தோறும் கூட்டுவட்டியாக ஏறும். தகராறு என்று வந்தால் மாநில அளவிலான வசதியாக்க மன்றத்தில் மனு கொடுக்கலாம், இணையவழியாகவே பதியலாம். மன்றம் உங்கள் பக்கம் தீர்ப்பளித்து, வாங்கியவர் அதை எதிர்த்து நீதிமன்றம் போக விரும்பினால், தீர்ப்புத் தொகையில் 75 விழுக்காட்டைக் கட்டிவிட்டுத்தான் போக முடியும். ஆனால் ஓர் எச்சரிக்கை. வேலையை முடித்த பிறகு பதிவு செய்தவர்களுக்கு இந்தச் சட்டத்தின் பயன் உண்டா என்பது நீதிமன்றங்களில் பலமுறை சர்ச்சைக்குள்ளான கேள்வி. நீங்கள் இதுவரை பதியவில்லையென்றால் இந்த 86,000 ரூபாய்க்கு இல்லாவிட்டாலும் அடுத்த வேலைக்காக இன்றே பதிந்துவிடுங்கள்.

இச்சட்டத்தில் எனக்குப் பிடித்த ஒரு நுணுக்கம் இருக்கிறது. வேலை கைக்கு வந்த 15 நாட்களுக்குள் எழுத்தில் குறை சொல்லாவிட்டால், கைக்கு வந்த நாளிலேயே அதை ஏற்றுக்கொண்டதாகக் கொள்ளப்படும். நான்கு மாதம் கழித்துப் பணம் கேட்கும்போதுதான் "தரம் சரியில்லை" என்ற பேச்சு முளைக்கும் என்பதை அனுபவித்தவர்கள் இந்த விதியின் அருமையை உணர்வார்கள்.

2023-ஆம் ஆண்டின் நிதிச் சட்டத்தால் வந்த மாற்றம் ஒன்றும் உங்களுக்குத் துணை நிற்கும். பதிவுபெற்ற குறு, சிறு நிறுவனங்களுக்குக் கெடுவுக்குள் தராத தொகையை, உண்மையில் தரும் ஆண்டு வரை வாங்கியவர் தம் வருமான வரிக் கணக்கில் செலவாகக் காட்டிக்கொள்ள முடியாது. இதனால் மார்ச் மாதத்தில் நிறுவனங்களின் கணக்குப் பிரிவினரே உத்யம் எண்ணைக் கேட்டு அழைக்கிறார்கள். பதிவு எண்ணை உங்கள் இன்வாய்ஸின் தலைப்பிலேயே அச்சிட்டு வையுங்கள்.

வழக்குக்கு முன் செய்ய வேண்டியது ஒன்று இருக்கிறது. இத்தனை நாட்களும் நீங்கள் யாரிடம் பணம் கேட்டீர்கள்? வேலை கொடுத்த ஒருங்கிணைப்பாளரிடம்தானே? பணம் போடும் அதிகாரம் அவருக்கு இருக்காது. உங்கள் இன்வாய்ஸ் கணக்குப் பிரிவுக்குப் போனதா என்பதே அவருக்குத் தெரியாமல் இருக்கலாம். கணக்குப் பிரிவின் முகவரிக்கு, ஒருங்கிணைப்பாளரையும் சேர்த்து, இன்வாய்ஸ், வேலை ஒப்படைத்த மின்னஞ்சல், வங்கி விவரம் ஆகிய மூன்றையும் இணைத்து ஒரே கடிதமாக, கோபச்சொல் ஒன்றுகூட இல்லாமல், பதிலுக்கு ஒரு தேதி குறிப்பிட்டு அனுப்புங்கள். எனக்கு வர வேண்டிய பாக்கிகளில் பெரும்பகுதி இந்தக் கடிதத்திலேயே வந்துவிட்டது. வராதவற்றுக்கு வழக்கறிஞரின் அறிவிப்பு தேவைப்பட்டது. உரிமையியல் வழக்கு போடக் காலவரம்பு பொதுவாக மூன்று ஆண்டுகள் என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: சிறிய பதிப்பகம் நடத்துகிறேன். கடந்த ஆண்டு மூன்று மொழிபெயர்ப்பாளர்களிடம் நூல்களைக் கொடுத்தேன். ஒருவர் பாதியில் காணாமல் போனார். இன்னொருவர் தந்ததைத் திருத்துவதற்குப் பதில் நானே புதிதாக எழுதியிருக்கலாம். மூன்றாமவர் இயந்திர மொழிபெயர்ப்பை அப்படியே ஒட்டித் தந்திருக்கிறார் என்று சந்தேகிக்கிறேன். நல்லவர்களைக் கண்டுபிடிப்பது எப்படி?
– பதிப்பாளர், சென்னை

பதில்: நல்லவர்களைக் கண்டுபிடிப்பதைப் பற்றிச் சொல்வதற்கு முன், உங்கள் பக்கத்தில் என்ன நடந்தது என்று மூன்று கேள்விகள் கேட்க விரும்புகிறேன். மாதிரிப் பக்கங்கள் வாங்கினீர்களா? இடையில் எப்போதாவது படித்துப் பார்த்தீர்களா? தொகையை எப்படிப் பிரித்தீர்கள்? முழு நூலையும் கொடுத்துவிட்டு ஆறு மாதம் கழித்துக் கேட்கும் பழக்கம் நம் பதிப்புத் துறையில் மிகுதி. அந்த ஆறு மாதத்தில் மொழிபெயர்ப்பாளருக்கு என்ன நேர்ந்தாலும் அது உங்களுக்குக் கடைசி நாளில்தான் தெரியவரும்.

நான் கடைப்பிடிக்கும் முறை இது. நூலின் கடினமான ஒரு பகுதியிலிருந்து ஏறத்தாழ ஆயிரம் சொற்களைக் கொடுத்து, அதற்குக் கூலியும் கொடுத்து மொழிபெயர்க்கச் சொல்வேன். இலவச மாதிரி கேட்டால் வேலை நிறைய வைத்திருக்கும் நல்லவர்கள் விலகிப் போவார்கள், நேரம் மிஞ்சியவர்கள்தான் கிடைப்பார்கள். மாதிரியின் நடையைப் பார்ப்பதோடு, அவர் என்ன கேள்விகள் கேட்டார் என்பதையும் பார்ப்பேன். ஆயிரம் சொற்களில் ஒரு சந்தேகம்கூட வராதவரைக் கண்டால் எனக்குப் பயம். பிறகு முதல் அத்தியாயம் வந்ததும் நானே உட்கார்ந்து வரிவரியாகத் திருத்தித் திருப்பி அனுப்புவேன். அந்த ஒரு நாள் உழைப்பு இருபது அத்தியாயங்களுக்குப் பயன்படும். தொகையைத் தொடக்கத்தில் கால் பங்கு, பாதி நூலில் கால் பங்கு, முழுப் பிரதி கைக்கு வந்ததும் கால் பங்கு, நான் கேட்ட திருத்தங்கள் முடிந்ததும் மீதி என்று பிரிக்கிறேன். "நூல் அச்சான பிறகு" என்று கடைசிப் பங்கைத் தள்ளிவைப்பது நியாயமில்லை. தாள் விலை ஏறியதால் நீங்கள் அச்சிடுவதைத் தள்ளிப்போட்டால் அதற்கு அவர் என்ன செய்வார்?

சொற்கணக்கை முதலிலேயே பேசிவிடுங்கள். சொல்லுக்கு இத்தனை பைசா என்றால் அது ஆங்கில மூலத்தின் சொல்லா, தமிழ்ப் பிரதியின் சொல்லா? தமிழில் வேற்றுமை உருபும் துணைவினையும் சொல்லோடு ஒட்டிக்கொள்வதால் எண்ணிக்கை கணிசமாகக் குறையும். "வரமாட்டார்களாம்" என்னும் ஒரு சொல்லை ஆங்கிலத்தில் சொல்ல ஐந்தாறு சொற்கள் வேண்டும். மூலத்தின் கணக்கை வைத்துக்கொண்டால் வேலை தொடங்கும்போதே இருவருக்கும் மொத்தத் தொகை தெரிந்துவிடும், கடைசியில் சண்டை வராது.

அடுத்தது நடைக்குறிப்பு, அதாவது எதை எப்படி எழுத வேண்டும் என்று முன்கூட்டியே எழுதிக் கொடுக்கும் குறிப்பு. இதை நான் பாடமாகக் கற்ற கதையைச் சொல்கிறேன். அவசரத்தில் ஒருமுறை நானூறு பக்க வரலாற்று நூலை இருவருக்குப் பிரித்துக் கொடுத்தேன். இருவருமே தேர்ந்தவர்கள். ஒருவர் "அரசாங்கம்" என்று எழுத, மற்றவர் "அரசு" என்று எழுதினார். ஒருவருக்கு "இலண்டன்", மற்றவருக்கு "லண்டன்". ஒருவர் கிரந்த எழுத்தை அறவே தவிர்த்ததால், முதல் பாதியில் "இசுமித்து" என்று வந்தவர் இரண்டாம் பாதியில் "ஸ்மித்" ஆகிவிட்டார். போதாக்குறைக்கு ஒருவர் யூனிகோடிலும் மற்றவர் பழைய பாமினி எழுத்துருவிலும் தட்டச்சு செய்திருந்தார்கள், எழுத்து மாற்றியில் போட்டதும் சில ஒற்றுகள் இடம் மாறின. சரிசெய்ய எனக்கு மூன்று வாரங்கள் ஆயின. அந்த இருவர்மீதும் ஒரு குற்றமும் இல்லை. ஒரு பக்கக் குறிப்பை எழுதிக் கொடுக்காதவன் நான். இப்போதெல்லாம் எந்த எழுத்துரு, கிரந்தம் வேண்டுமா, எண்கள் எப்படி, அயல்பெயர்கள் எப்படி என்று எழுதாமல் ஒரு வேலையும் வெளியே போவதில்லை.

இயந்திர மொழிபெயர்ப்பைப் பொறுத்தவரை, பயன்படுத்தலாமா கூடாதா என்பதை நீங்கள் முன்னரே சொல்லியிருக்க வேண்டும். சொல்லாமல் விட்டுவிட்டுப் பின்னர் சந்தேகப்படுவது உறவைக் கெடுக்கும். பயன்படுத்தலாம் என்றால் கட்டணமும் பொறுப்பும் வேறு, கூடாது என்றால் அதையும் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். மொழிபெயர்ப்பும் தனிப் படைப்பே என்பதால் மேலே சொன்ன உரிமை மாற்ற ஆவணம் உங்களுக்கும் தேவை. உரிமையை விலைக்கு வாங்கினாலும் படைப்பாளர் தம்மைப் படைப்பாளராகக் கோரும் உரிமை அவரிடமே தங்கும் என்கிறது 57-ஆம் பிரிவு. மொழிபெயர்ப்பாளர் பெயரை அட்டையிலேயே போடுங்கள். அடுத்த முறை நீங்கள் அழைக்கும்போது முதல் மணியிலேயே ஃபோனை எடுப்பார்.

கேள்வி: நான் லோகோ வடிவமைப்பாளர். ஒரு பேக்கரிக்கு லோகோ செய்கிறேன். பதினோராவது முறையாக மாற்றச் சொல்கிறார்கள். முதலாளிக்குப் பிடித்தால் அவர் மனைவிக்குப் பிடிப்பதில்லை, இருவருக்கும் பிடித்தால் மைத்துனர் வேறு நிறம் கேட்கிறார். எப்படி முடிப்பது?
– வடிவமைப்பாளர், நாகர்கோவில்

பதில்: முதல் நாள் "ரிவிஷன் எத்தனை முறை வேண்டுமானாலும் செய்து தருகிறேன்" என்று நீங்கள் சொல்லியிருப்பீர்கள் என்று ஊகிக்கிறேன். ஆர்டர் கைவிட்டுப் போய்விடுமோ என்ற அச்சத்தில் எல்லாரும் சொல்வதுதான்.

திருத்தம் என்ற ஒரே சொல்லுக்குள் இரண்டு வேறு விஷயங்கள் இருக்கின்றன. கடையின் பெயரில் எழுத்துப்பிழை, கேட்ட நிறம் வராதது போன்றவை உங்கள் பிழை, எத்தனை முறையானாலும் இலவசமாகச் சரிசெய்ய வேண்டும். கோதுமைக் கதிர் வேண்டும் என்றவர்கள் இப்போது கேக் படம் வேண்டும் என்றால் அது மனமாற்றம், அதற்கு விலை உண்டு. இந்த வேறுபாட்டைக் கொட்டேஷனிலேயே எழுதி, மனமாற்றத்துக்கு இரண்டு சுற்று வரை இலவசம், மூன்றாவது சுற்றிலிருந்து இவ்வளவு என்று போடுங்கள். ஒரு சுற்று என்பது வீட்டார் அனைவரும் பார்த்து, ஒருவர் மூலமாக, ஒரே செய்தியில் எழுதித் தரும் கருத்துகளின் தொகுப்பு. மைத்துனரின் வாட்ஸ்அப் குரல்பதிவு தனிச் சுற்று ஆகாது, ஆனால் அதைக் கேட்டு நீங்கள் மாற்றத் தொடங்கினால் ஆகிவிடும்.

இந்த வேலையை முடிக்க ஒரு வழி சொல்கிறேன். இதுவரை செய்த பதினொன்றில் சிறந்த இரண்டை மட்டும் எடுத்து, வெள்ளைத்தாளில் காட்டாமல், கேக் பெட்டியிலும் கடைப்பலகையிலும் பிஸ்கட் பாக்கெட்டிலும் பொருத்திக் காட்டுங்கள். தனியாகப் பார்க்கும்போது நிறத்தைப் பற்றி வாதாடுகிறவர்கள், பெட்டியின் மேல் பார்த்தால் கடையாக நினைத்துப் பார்ப்பார்கள். நேரில் போய், மூவரும் ஒன்றாக இருக்கும் நேரத்தில் காட்டுங்கள். அப்போதும் முடியவில்லையென்றால், இதுவரையான வேலைக்கு உரியதை வாங்கிக்கொண்டு மரியாதையாக விலகுவதில் தவறில்லை.

கேள்வி: வாடிக்கையாளர் நிறுவனம் என் தொகையில் 10 விழுக்காடு பிடித்துக்கொண்டு தருகிறது. அது போனது போனதுதானா? ஜிஎஸ்டி பதிவும் எனக்குக் கட்டாயமா?
– மென்பொருள் எழுத்தாளர், திருச்சி

பதில்: போகவில்லை, உங்கள் பெயரில் அரசிடம் இருக்கிறது. தொழில்முறைச் சேவைக்கான தொகையில் மூலத்திலேயே வரி பிடிப்பது நிறுவனங்களின் கடமை. ஒரே நிறுவனம் ஓராண்டில் தரும் தொகை 50,000 ரூபாயைத் தாண்டும்போது பிடிப்பார்கள். 2025 ஏப்ரலுக்கு முன் இந்த வரம்பு 30,000 ஆக இருந்தது. பான் எண் கொடுக்காவிட்டால் 10 விழுக்காடு 20 ஆகிவிடும். வருமான வரித் தளத்தில் உங்கள் பான் எண்ணின் கீழ் அந்தத் தொகை ஏறியிருக்கிறதா என்று காலாண்டுக்கு ஒருமுறை பாருங்கள். பிடித்துவிட்டுக் கட்டாமல் விடும் நிறுவனங்களும் உண்டு, அதைச் சீக்கிரம் கண்டுபிடித்தால்தான் கேட்க முடியும். ஆண்டு முடிவில் கணக்குத் தாக்கல் செய்தால், கட்ட வேண்டிய வரி போக மிச்சம் வங்கிக்குத் திரும்பி வரும். தாக்கலே செய்யாமல் இருப்பவர்கள்தான் அந்தப் பணத்தை உண்மையில் இழக்கிறார்கள். ஜிஎஸ்டி பற்றியும் கேட்டிருந்தீர்கள். தமிழ்நாட்டில் சேவைக்கான பதிவு வரம்பு ஆண்டுக்கு 20 லட்சம் ரூபாய் மொத்த வரவு, அதற்குள் இருந்தால் கட்டாயமில்லை.

கேள்வி: தெரிந்தவர்கள், உறவினர்கள் வேலை கொடுக்கும்போது அட்வான்ஸ் கேட்கக் கூச்சமாக இருக்கிறது. என்ன செய்வது?
– இல்லத்திலிருந்து பணிபுரியும் வாசகி, சேலம்

பதில்: கல்யாணத்துக்குச் சமையல்காரரைப் பேசப் போகும் உங்கள் சித்தப்பா வெற்றிலைப் பாக்கோடு முன்பணமும் வைத்துக் கொடுத்துவிட்டுத்தான் எழுந்திருக்கிறார். அதைச் சமையல்காரர் கேட்டதாக யாரும் நினைப்பதில்லை, அது வழக்கம். நீங்களும் அதை வழக்கமாக்கிவிடுங்கள். வாயால் கேட்கக் கூச்சமாக இருந்தால் எழுத்தில் அனுப்புங்கள், எல்லாருக்கும் ஒரே வாசகம், உறவினருக்கும்: "சித்தப்பா, வேலை விவரமும் தேதியும் கீழே எழுதியிருக்கிறேன். மொத்தம் 12,000 ரூபாய். பாதித் தொகை வந்ததும் தொடங்கிவிடுகிறேன், மீதியை முடித்துக் கொடுக்கும்போது தந்தால் போதும்." தள்ளுபடி கொடுக்க விரும்பினால் தொகையில் கொடுங்கள், முறையில் கொடுக்காதீர்கள். அனுப்பிவிட்டுப் பதில் வரும்வரை "பரவாயில்லை, மெதுவாகத் தாருங்கள்" என்ற இரண்டாவது செய்தியை மட்டும் அனுப்பிவிட வேண்டாம்.